ஆட்டுப் பாதையில் என் மரம்

என் மரத்தைப் பார்க்கத்தான் கோவில்பட்டிக்குப் போனேன். மரம் என்றால் ஒன்றிரண்டு இல்லை, கால் ஏக்கர் நிறைய மலைவேம்பு. சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தபோது, வெயில் தாங்காமல் ஏசி இருந்த பக்கமாக ஒதுங்கினேன். அங்கே ஒரு பெண் குளிர்ந்த மோரைக் கையில் கொடுத்து, "மேடம், நீங்க தூங்கும்போதும் உங்க மரம் வளரும்" என்றாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆயுசு முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். நமக்கென்று ஏதாவது ஒன்று வளரட்டுமே என்று கால் ஏக்கருக்குப் பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மோரில் இஞ்சி நன்றாகத் தட்டிப் போட்டிருந்ததும் ஒரு காரணம்.

அதன்பிறகு மாதா மாதம் போனுக்குப் படம் வந்தது. நெடுநெடுவென்று ஒரு மரம், அதன் அடியில் என் பெயர் எழுதிய தகரப் பலகை. வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவரையும் விடவில்லை, காபி கொடுக்கும் முன்பே படத்தைக் காட்டினேன். என் தங்கை மட்டும், "நேர்ல போய்ப் பாத்தியா?" என்று கேட்டாள். அவள் வாய் எப்போதும் அப்படித்தான். அந்த வாயை அடைப்பதற்காகவே பெட்டியைக் கட்டினேன்.

கோவில்பட்டியில் இறங்கும்போது ஐப்பசித் தூறல். பல் விளக்கிய வாயோடு முதலில் சாப்பிட்டது கடலை மிட்டாய். சிரிக்காதீர்கள், கடை எதிரிலேயே இருந்தது, நான் என்ன செய்ய? சென்னையில் எங்கள் தெருமுனையில் அந்தப் பெயரில் விற்பதைக் கடிக்கப் பல் டாக்டரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். இது வாயில் போட்டதும் மொறுமொறுவென்று நொறுங்கிக் கரைந்தது. கடைக்காரர், "ருசி பாருங்க. பெறவு வாங்குங்க. வாங்காட்டியும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று இன்னொரு துண்டை நீட்டினார். அப்படிச் சொன்னபின் வாங்காமல் நகர முடியுமா? பை நிறைய வாங்கினேன். அப்புறம்தான் இட்லி, கடலைச் சட்னி, இன்னும் இரண்டு இட்லி.

பசுவந்தனை பஸ்ஸில் கண்டக்டர், "எக்கா, எங்கன எறங்கணும்?" என்று கேட்டார். மலைவேம்புத் தோப்பு என்று பெருமையாகச் சொன்னேன். "ஓ, கம்பிவேலியா!" என்று சீட்டைக் கிழித்தார். தோப்புக்கு அங்கே கம்பிவேலி என்றுதான் பெயராம். முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுத் தெலுங்கில் பேச ஆரம்பித்தார்கள். சென்னையில் எங்கள் மாடி வீட்டம்மாவுக்குத் தெலுங்கு. இத்தனை வருஷம் அந்த அம்மாவோடு தண்ணீர்ச் சண்டை போட்டதில் எனக்கும் தெலுங்கு வந்துவிட்டது. அதை இவர்களிடம் நான் ஏன் சொல்லப்போகிறேன்?

"இன்னொருத்தி வந்துட்டா, வேலிக்குள்ள நட்டு வச்ச குச்சியைப் பாக்க" என்றாள் ஒருத்தி.

"பாவம். மிட்டாய்ப் பையைப் பாரு, குழந்தையைப் பாக்கப் போற மாதிரி."

"பேச்சியம்மா சனிக்கிழமை ஆடு அத்தனையும் எட்டயபுரம் சந்தைக்கு ஏத்துறாளாமே?"

"பாதையை அடைச்சுட்டா வேற என்ன செய்வா? ஆட்டைத் தலையில வச்சுக்கிட்டுப் பறப்பாளா? நாளைக்குத் தாசில்தார் வந்து பாக்கறதுதான் கடைசி. அதுலயும் ஒண்ணும் நடக்கலன்னா மூணு தலைமுறை ஆடு அவளோட சரி."

எனக்கு மிட்டாய் கசந்தது. என்ன பாதை, யார் பேச்சியம்மா என்று எனக்குத் தெரியாது. ஆனால் குச்சி என்றாளே, அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வானம் தொடும் இடம் வரை கரிசல், மழையில் நனைந்து கன்னங்கரேலென்று கிடந்தது. அதன்மேல் மக்காச்சோளமும் உளுந்தும் அப்போதுதான் முளைவிட்டுப் பச்சை பிடித்திருந்தன. நான் பிறந்தது வால்பாறையில், தேயிலை எஸ்டேட்டில். மேடும் பள்ளமுமாகவே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இவ்வளவு தட்டையான பூமி ஆச்சரியமாக இருந்தது.

இறங்கிய இடத்தில் மேனேஜர் தினேஷ் ஜீப்போடும் குடையோடும் காத்திருந்தார். சேலத்துப் பையன், என் மகன் வயசுதான் இருக்கும். "வாங்கம்மா, உங்க மண்ணுக்கு வாங்க" என்று கும்பிட்டார். கேட் அருகில் விருந்தினர் அறை, சுத்தமான படுக்கை, ஃபேன். மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு வந்தது. தோப்பில் டிராக்டர் ஓட்டும் எத்திராஜின் வீட்டில் சமைத்ததாம். அவர் அதே ஊர்க்காரர், ஐம்பது வயசு, தூக்குச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "காரம் சாஸ்தின்னா சொல்லுங்க, வீட்டுல ஏசிக்கிடுதேன்" என்றார். காரம் ஜாஸ்திதான். கண்ணில் நீர் வழிய வழிய மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"தம்பி, மரத்தைப் பாக்கலாமா?" என்றேன்.

"கரிசல்மா, மழை பெஞ்சா கால் வைக்க முடியாது. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஒரு சின்ன இன்ஸ்பெக்‌ஷன். ஊர்க்காரங்க இதுக்குள்ள பாதை இருந்துச்சுன்னு மனு கொடுத்திருக்காங்க. பாதையெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க நிலம் வாங்கினவங்க, படிச்சவங்க. இது ஒரே துண்டு நிலம், பாதை எதையும் நான் பாக்கலன்னு தாசில்தார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்."

பார்க்கவில்லை என்பது உண்மைதானே, நான் எதைத்தான் பார்த்தேன்? ஆட்டுக்கறியின் மூன்றாம் கரண்டி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

தூறல் விட்டதும் வேலியோரமாக நடந்தேன். கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்து, பார்க்கவே திடமாக இருந்தது. தூண்கள் மட்டும் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே சாய்ந்து நின்றன. கரிசல் கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும், தூணை நேராக நிற்க விடாது என்று அப்புறம் சொன்னார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டு மந்தை, நடுவில் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவள். கேட்காமலே தெரிந்துவிட்டது, பேச்சியம்மா.

"எக்கா, நீங்க தாசில்தார் ஆபீசா?" என்றாள்.

"இல்லம்மா. மெட்ராஸ். என் மரத்தைப் பாக்க வந்தேன்."

"உள்ள இருக்கா ஒங்க மரம்?" சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். "பாத்தாச்சா?"

"நாளைக்குக் காட்டுறாங்களாம்."

"காட்டட்டும், காட்டட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? அதற்குள் ஒரு குட்டி கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து என் பையை மோந்தது. ஒரு கடலை மிட்டாயை ஒடித்துக் கொடுத்தேன். கரகரவென்று தின்றது. ஒன்றை அவளுக்கு நீட்டினேன். அதன்பிறகு பேச்சு ஓடிவிட்டது.

"அந்தா ஒத்தப் பனை தெரியுதா? இங்கன நிக்குத பனைக்கும் அதுக்கும் நேரா ஒரு கோடு இழுங்க. அதான் ஆட்டுப் பாதை. அந்தப் பக்கம் கண்மாயி, கரையைச் சுத்தி மேய்ச்சப் பொறம்போக்கு. இப்பம் எல்லாக் காட்டுலயும் வெதச்சுட்டாவ. ஒரு குட்டி வாய் வச்சாலும் சண்டதான். தை மாசம் வெள்ளாமை எடுக்குத வரைக்கும் ஆட்டுக்கு அந்தக் கர ஒண்ணுதான் கதி. பாதைய அடைச்ச பெறவு தார் ரோட்டச் சுத்திப் போறோம். போன மாசம் லாரிக்காரன் ஒரு செனை ஆட்ட அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான். வயித்துக்குள்ள குட்டி துடிக்குது எக்கா, என் கையில."

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அதான் சனிக்கெழம வித்துருதேன். சந்தை ஏவாரிகிட்ட வாக்குச் சொல்லியாச்சு. லாரிக்குக் குடுக்கதுக்குக் கறிக்குக் குடுக்கலாம்."

"நிலத்தை வித்தவங்ககிட்ட நீங்க கேக்கலியா?"

"அவிய என்ன செய்வாவ? மழை பொய்ச்சு, பிள்ளையளும் வெளியூரு போயிட்டு. வித்தாவ. அவியளக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பாதைய ஒருத்தரும் விக்கலயே! விக்கதுக்கு அது யாரு வீட்டுச் சொத்து?" அவள் குரல் ஏறியது. "கோயில் கொடைத் திருவிழா முடிஞ்ச மறுநா, வீட்டுக்கு ஒரு வண்டி சரள் இதுல கொண்டாந்து கொட்டணும். ஆடு இருக்குத வீடு, இல்லாத வீடு, தெலுங்கு பேசுதவிய வீடு, எல்லாரும்தான். கொட்டாதவனத் தேடிப் பிடிச்சு மஞ்சத்தண்ணிய தலையோட ஊத்துவோம். அப்படிப் போட்ட பாதை."

சரள் என்றால் செம்மண் நிறத்தில் பொடிக்கல். ஈரக் கரிசலில் மனுஷக் காலும் நிற்காது, வண்டிச் சக்கரமும் நிற்காது. சரள் போட்டு இறுக்கினால் அடைமழையிலும் மந்தை போகும். தோப்புக் கம்பெனிக்காரர்கள் ஜேசிபியை விட்டு அதன்மேல் கரிசலை இழுத்து மூடி, கன்றை நட்டுவிட்டார்களாம்.

எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே தேயிலைக் காட்டுக்குள் ஒரு குறுக்குவழி உண்டு. அதில் நடக்க என் அப்பா துரை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்க வேண்டும். காய்ச்சலில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இங்கே அந்தத் துரை யார்? தகரப் பலகையில் பெயர் எழுதி வைத்திருக்கும் நான்தான், வேறு யார்? அதே சமயம் என் கால் ஏக்கரும் கண்ணுக்குள் வந்து நின்றது. பொய் சொல்ல மாட்டேன், இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

"மேனேஜரு ஒங்களச் சாட்சி சொல்லச் சொன்னாரோ?" என்றாள் பேச்சியம்மா.

"ஆமா."

"என்ன சொல்லப் போறீய?"

"தெரியல."

"சரி எக்கா. தெரியலங்குத வார்த்தையாச்சும் வருதே" என்று மந்தையை ஓட்டிக்கொண்டு தார் ரோட்டுப் பக்கம் நடந்தாள். லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் காலையிலும் நல்ல மழை. மழை விட்டதும் ஊரே வேலிக்கு வெளியே வந்து நின்றது. பஸ்ஸில் பேசிய இரண்டு பெண்களும் இருந்தார்கள். நான் அவர்களிடம் போய்த் தெலுங்கில், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு மற்றவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

தாசில்தார் அம்மாவின் கார் வந்தது. கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். பேச்சியம்மாவை முன்னால் தள்ளினார்கள். அவள் இரண்டு பனையையும் காட்டி, நேற்று என்னிடம் சொன்னதையே சொல்லி, "தோண்டிப் பாருங்கம்மா, சரள் கெடக்கும்" என்று முடித்தாள்.

தினேஷ் தயாராக இருந்தார். "மேடம், சரள் எங்க தோண்டினாலும் கிடக்கும். எங்க உள்ரோட்டுக்கு நாங்க லோடு லோடா அடிச்சிருக்கோம், அதுல சிதறினது. அதை வச்சுப் பாதைன்னு சொன்னா எப்படி?"

வெளியே நின்றவர்கள் கத்தினார்கள். தாசில்தார் கையைத் தூக்கினார். "உங்க உள்ரோடு எது?"

தினேஷ் பெருமையாகக் காட்டினார். இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கற்கள், நடுவே நேர்த்தியான வழி. எனக்கு வந்த விளம்பரத்தில் முதல் பக்கத்திலேயே இருந்த படம் அது. அந்தக் கற்களைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன்.

"சரி, அதுலயே போய்க் கண்மாய்ப் பக்கம் பாத்துட்டு வருவோம்" என்றார் தாசில்தார். அவருடைய டிரைவர், "இதுக்குள்ள நம்ம வண்டிய எறக்க மாட்டேம்மா" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எங்க ஜீப்ல போலாம் மேடம், எங்க ரோடு உறுதியா இருக்கும்" என்றார் தினேஷ். தாசில்தார் முன்னால், நான் பின்னால், தினேஷ் ஓட்டினார். போகிற வழியில்தான் என் மரம் என்றார். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாலைந்து வெள்ளைக் கல் தாண்டியிருப்போம். ஜீப் ஒருமுறை உறுமியது. இன்னொரு முறை உறுமியது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுகமாக உட்கார்ந்துவிட்டது. தினேஷ் மிதிக்க மிதிக்கச் சக்கரம் சேற்றை வாரி எங்கள் எல்லோர் மீதும் சமமாக இறைத்தது.

"ஏலே, கன்னு பத்தாதுன்னு ஜீப்பையும் நட்டுட்டாவ லே!" என்று வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல். ஊரே சிரித்தது. தாசில்தார் அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சிரிப்புத்தான், எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இறங்கினேன். ஒரு அடி வைத்தேன், நான் வந்துவிட்டேன், செருப்பு வரவில்லை. வெறுங்காலில் அடுத்த அடி வைத்தால் முழங்கால் வரை சேறு. வால்பாறையில் அட்டைக் கடியோடு வளர்ந்தவள், மழைக்குப் பயந்தவள் இல்லை. ஆனாலும் இந்த மண் அந்த மண் இல்லை. இது ஆளைப் பிடித்தால் விட மனசில்லாத மண்.

தினேஷ் போனில், "எத்திராஜண்ணே, டிராக்டரைக் கொண்டுட்டு சீக்கிரம் வாங்க, ஜீப்பை இழுக்கணும்" என்று கெஞ்சினார். கண்மாய்ப் பக்கத்துக் கொட்டகையில் உரமூட்டை ஏற்றிக்கொண்டிருந்த எத்திராஜ், மூட்டை அடுக்கிய டிரெய்லரோடு அப்படியே கிளம்பிவிட்டார். அவசரம் என்று சொன்னார்களே!

டிராக்டர் வந்த வழியைத்தான் எல்லோரும் பார்த்தோம். வெள்ளைக்கல் ரோட்டுக்கு அது வரவே இல்லை. ஒற்றைப் பனைக்கு அடியில் திரும்பி, கன்று வரிசைகளுக்குக் குறுக்கே, இந்தப் பனையைப் பார்த்து நேராக வந்தது. பாரத்தோடு வந்தது. குலுங்காமல், முங்காமல், தார் ரோட்டில் வருகிற மாதிரி வந்தது. வேலிக்கு வெளியே சிரிப்பு அடங்கிவிட்டது.

எங்களுக்குப் பத்தடி தள்ளி எத்திராஜ் நிறுத்தினார். "இதுக்கு மேல வர மாட்டேன் சார், வண்டி முங்கிரும். வடத்தை எறியுதேன், கட்டுங்க."

"அண்ணாச்சி, கொஞ்சம் எறங்குங்க" என்றார் தாசில்தார். "இவ்வளவு பாரத்தோட வந்தீங்களே, அங்க ஏன் முங்கல?"

"அடியில சரள் கெடக்குல்லா" என்றார் எத்திராஜ், இது என்ன கேள்வி என்பதுபோல. சொன்ன பிறகுதான் தினேஷின் முகத்தைப் பார்த்தார்.

"வெள்ளைக்கல் போட்ட ரோட்டுல நீங்க வர்றதில்லையா?"

எத்திராஜ் தலையைச் சொறிந்தார். வேலிப் பக்கம் பார்த்தார். அங்கே பஸ்ஸில் வந்த அந்தத் தெலுங்குப் பெண்களில் ஒருத்தி இடுப்பில் கைவைத்து அவரையே முறைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்த புண்ணியவதி அவள்தான், அவர் மனைவி. "என்னத்துக்கு முழிக்கிறே? நீ வண்டியில கொண்டுபோய்க் கொட்டின சரளும் அதுலதானே கெடக்கு? சொல்லு!" என்று தெலுங்கில் ஒரு அதட்டல் போட்டாள். தாசில்தாருக்கு நானே தமிழில் சொன்னேன்.

எத்திராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்மா, அது ரோடு இல்ல, படம் எடுக்கதுக்கு வச்ச கல்லு. அதுல ஒரு கூடைச் சரள்கூட கெடையாது. மழை நாள்ல உரம், ஆளு, சாமான், எல்லாம் ஆட்டுப் பாதை மேலதான் போகுது. வேற எதுல போக? நானும் வருசா வருசம் கொட்டுனவன்தான். வேலைய விட்டுத் தூக்குனாலும் தூக்கட்டும்."

வேலிக்கு வெளியே கிளம்பிய சத்தத்தில் பனையில் இருந்த காக்கை எல்லாம் எழுந்து பறந்தன. பாதை இல்லவே இல்லை என்ற கம்பெனி, மழைக்கு மழை அந்தப் பாதையில்தான் போய் வந்திருக்கிறது!

நான் சேற்றில் இழுத்து இழுத்து நடந்து டிராக்டர் வந்த தடத்தில் ஏறினேன். கால் கெட்டியாக நின்றது. ஏறிய பிறகுதான் பார்த்தேன், அந்தத் தடத்தின் ஓரம் நெடுக வரிசையாகத் தகரப் பலகைகள். பக்கத்துக்கு ஒரு குச்சி. காய்ந்த குச்சி. இரண்டாம் வரிசையில் என் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல், அழகான நீலப் பெயிண்டில்.

"ஏன்ய்யா தினேஷு! மாசா மாசம் எனக்குப் படம் அனுப்பினீங்களே, அது யாரு வீட்டு மரம்?"

பாவம், அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். "கேட் பக்கத்துல ஒரு மரம் நல்லா வந்திருக்கும்மா. பலகையை மாத்தி மாத்தி வச்சு எடுப்போம். இந்த வரிசையில எத்தனை தடவை நட்டாலும் வேர் பிடிக்கல. மேலிடத்துல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க." கண் கலங்கிவிட்டது அவனுக்கு. திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. எங்கே பிடிக்கும்? ஊர் மொத்தமும் கொட்டி, ஆட்டுக் குளம்பு அத்தனையும் மிதித்து இறுக்கிய தரையில் என் குச்சி வேர் விடுமா?

தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். "நீங்க இந்த நிலத்தை வாங்கினவங்க. பாதை விஷயத்துல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

தினேஷ் என்னைப் பார்த்தான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். நேற்று தெரியல என்று சொன்ன அதே ஆள்தான் நான். இன்றைக்குத் தெரிந்தது.

"நான் நிக்கிற இடமே பாதைதாம்மா" என்றேன். "என்கிட்ட வித்தது தப்பு. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. தொறந்து விடுங்க."

தாசில்தார் நேரில் பார்த்ததை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். பாதை புழக்கத்தில் இருக்கிறது, அதை மறிக்கக் கூடாது, கம்பெனிக்கு மறுப்பு இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் வேலியை இப்போதே பிரிக்க வேண்டும் என்றார். தினேஷ் மேலிடத்துக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. அவன் சாந்தமாக, "சார், ஜீப் இன்னும் சேத்துலதான் நிக்குது. வேணும்னா நீங்க வந்து எடுத்துக்குங்க" என்று போனை வைத்தான். கெட்டிக்காரப் பையன்தான்.

முள்கம்பியைச் சுருட்ட ஆள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பனைக்கு அருகிலும் வேலி திறந்தது. மந்தைக்குப் பொறுமை இல்லை, கம்பி முழுக்கச் சுருள்வதற்குள் முட்டி மோதிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. பேச்சியம்மா நடுவில் வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். என் வரிசையில் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு கன்று, நாலு இலையோடு நின்றது. ஒரு கிடா அதன் முன்னால் நின்று யோசித்தது.

"ஏய், ஏய், அக்கா மரம்!" என்று பேச்சியம்மா கம்பை ஓங்கினாள்.

"விடு பேச்சி, திங்கட்டும்" என்றேன். நானே குனிந்து பிடுங்கி அதன் வாயில் கொடுத்தேன். நாலு இலையும் ஒரே வாயில் போயிற்று. என் ஓய்வுகால முதலீடு இப்படி ஒரு வயிற்றை நிறைத்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்வேன்! தங்கைக்குப் போன் போட்டு, "நேர்ல பாத்துட்டேன்டி" என்றேன். மற்றதை வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவள் சிரிப்பை நேரில் வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

அன்றைக்கு மத்தியானம் எத்திராஜ் வீட்டில் சாப்பாடு. கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, சுட்ட அப்பளம். தினேஷையும் அழைத்திருந்தார்கள், அவனும் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். "வேலை போச்சுன்னா எங்க ஊருக்கு வந்துரு தம்பி, ஆடு மேய்க்கலாம்" என்றாள் பேச்சியம்மா. அவன் இன்னொரு கவளம் கேட்டான்.

சனிக்கிழமை விடிகாலையில் அவளோடு நானும் எட்டயபுரம் சந்தைக்குக் கிளம்பினேன். விற்க ஒன்றும் இல்லை, எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். "வாக்குச் சொன்னது நேர்லதான எக்கா? இல்லைங்கதையும் நேர்ல போய்ச் சொல்லணும்லா. அப்பிடியே ஒரு நல்ல பொட்டைக் குட்டி தட்டுப்பட்டா வாங்கணும்" என்றாள். வழியில் பஸ் பஞ்சராகி நின்றது. எல்லோரும் இறங்கி ஓரமாக நின்று பருத்திப்பால் குடித்தோம். ஏலக்காயும் கருப்பட்டியும் மணக்க, தொண்டைக்கு இதமாக இறங்கியது. டயர் மாற்ற இன்னும் நேரமாகட்டும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

சந்தையில் கால் வைக்க இடமில்லை. ஆடும் ஆளும் லாரியும் ஒன்றோடு ஒன்று கத்திக்கொண்டிருந்தன. துண்டுக்குள் கையை விட்டு விரலைத் தொட்டுப் பேரம் பேசுகிறவர்களை வேடிக்கை பார்த்தபடி அவள் பின்னால் நடந்தேன். ஏவாரி ஒரு வேனைப் பின்பக்கம் திறந்து வைத்து, கட்டுக் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். பேச்சியம்மாவை வெறுங்கையோடு பார்த்ததும் முகம் மாறியது. அவள் பின்னால் எட்டிப் பார்த்தார். என்னைத் தவிர யாரும் இல்லை.

"என்ன தாயி, தனியா வாரே? நேரமாச்சு, ஆடெல்லாம் எங்க?"

பேச்சியம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரலை உயர்த்தினாள்.

"ஆடா? அதுக கண்மாய்க் கரையில மேஞ்சுக்கிட்டு கெடக்கு அண்ணாச்சி."